குவைத் வெயிலில் காலம் தள்ள முடியுமா என்று கேட்ட தம்பிக்கு

கேள்வி இதுதான். திருச்சிப் பக்கத்துத் தம்பி ஒருவர், பத்தாவதுக்கு அப்புறம் ஐடிஐ முடித்த ஏசி மெக்கானிக், குவைத்தில் 180 தினார் சம்பளத்துக்கு வேலை வந்திருக்கிறது, ரூம் கம்பெனி தரும், சாப்பாடு நம் செலவு, "ஐம்பது டிகிரி வெயில்னு பயமுறுத்துறாங்க, அங்க மனுஷன் தினப்படி எப்படித்தான் இருக்கான், வரலாமா அண்ணே" என்று கேட்டிருக்கிறார். நான் இங்கே கட்டடப் பராமரிப்பில் நெடுநாளாக இருப்பவன், தினமும் ஏசிக்காரர்களோடுதான் பிழைப்பு ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ஐம்பது டிகிரி. பொய் இல்லை. 2016 ஜூலை 21 அன்று மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவாகி, உலக வானிலை அமைப்பும் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. ஆனால் மித்ரிபா பாலைவனத்தில் இருக்கிற ஒரு வானிலை நிலையம், அங்கே யாரும் உங்களுக்கு வேலை தரப்போவதில்லை. நாம் இருக்கும் ஃபஹாஹீல், மங்காஃப், மஹ்பூலா, ஃபர்வானியா, அப்பாசியா மாதிரி ஊர்களில் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பகலில் 45க்கு மேல் போவது சர்வசாதாரணம், 48, 49 தொடும் நாட்களும் உண்டு, ராத்திரி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் அப்போதும் அடுப்படிக்குள் நுழைந்த மாதிரிதான் இருக்கும். இவ்வளவு இருந்தும் என் ஆபீஸ் கணக்குப்பிள்ளை ஜூலை மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஏசி குளிர் தாங்கவில்லையாம். அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் அதே நேரத்தில் நம் ஆள் ஒருவன் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்பேனரோடு நிற்கிறான். இந்த ஊர் வெயில் எல்லோர் தலையிலும் ஒன்றுபோல விழுவதில்லை, ஆர்டர் லெட்டரைப் பார்த்துத்தான் விழும். அதனால் எத்தனை டிகிரி என்று கேட்பதைவிட எத்தனை மணி நேரம் வெளியே, எதில் ஏற்றிப் போவார்கள், எங்கே படுக்க வைப்பார்கள் என்று கேட்டால்தான் உங்களுக்கு உருப்படியான பதில் கிடைக்கும்.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் நம்மூர் மாதிரி ஸ்பிளிட் ஏசி கிடையாது, மொட்டைமாடியில் வரிசையாகப் பேக்கேஜ் யூனிட்டுகள், அங்கிருந்து டக்ட் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் குளிர் இறங்கும். யூனிட் எப்போது நிற்கும்? வெளிச்சூடு உச்சத்துக்குப் போய், கண்டென்சரில் தூசி அப்பி, ஹை பிரஷரில் டிரிப் ஆகும்போது. அதாவது பகல் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில். அந்த நேரத்தில் மாடியில் தகர மூடியைக் கழற்றக் கையுறை இல்லாமல் தொட முடியாது, வெயிலில் வைத்த ஸ்பேனரை எடுத்தால் உள்ளங்கையில் அச்சு விழும், விவரம் தெரிந்தவர்கள் டூல்ஸை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில்தான் வைப்பார்கள். சுற்றிலும் பத்து யூனிட்டின் ஃபேன் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும், அதனால் வானிலைச் செய்தி சொல்லும் டிகிரிக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

இதற்குச் சட்டம் இருக்கிறது. ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை திறந்தவெளியில் நேர் வெயிலில் ஆளை வேலை வாங்கக் கூடாது. மொட்டைமாடியும் திறந்தவெளிதான். ஒழுங்கான கம்பெனி என்ன செய்யும் என்றால், விடிவதற்கு முன்பே ஆட்களை மாடிக்கு ஏற்றி பத்தரைக்குள் இறக்கிவிடும், நடுப்பகலில் வீட்டுக்குள் தெர்மோஸ்டாட், டக்ட், ஃபில்டர் வேலை கொடுக்கும், சாயங்காலம் மறுபடி மாடி. ஒழுங்கில்லாத கம்பெனியில் வீட்டுக்காரர் போன் போட்டுக் கத்துவார், சூப்பர்வைசர் "அஞ்சு நிமிஷ வேலைதாண்டா, போயிட்டு வந்துடு" என்பார், அந்த ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரமாகும். லேபர் ஆபீஸ் இன்ஸ்பெக்டர்கள் கட்டடம் கட்டும் சைட்டுகளுக்குப் போவதுபோல ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடிக்கும் ஏறிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே இந்தக் கம்பெனியில் ஏற்கெனவே இருக்கும் நம்மூர்க்காரர் யாரையாவது பிடித்து, கோடையில் பகல் ரெண்டு மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்று கேளுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம், அந்த ஒரு பதிலில் கம்பெனியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

எப்போது வந்து இறங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். முடிந்தால் அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் வாருங்கள். ஜூலையில் வந்து இறங்கி மறுநாளே மாடியில் ஏறுபவன்தான் விழுகிறான். திருச்சி வெயிலில் வளர்ந்தவன் எனக்கென்ன என்ற தைரியம் இங்கே செல்லாது. உடம்பு புதுச் சூட்டுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், அதனால்தான் புது ஆளுக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டிக்கொண்டே போகச் சொல்கிறார்கள். எந்த முதலாளியும் இதைத் தானாகச் செய்து தர மாட்டார், நீங்கள்தான் முதல் வாரம் நிதானமாகப் போக வேண்டும். "புதுசு, சோம்பேறி" என்று பெயர் வந்தால் வரட்டும்.

அப்புறம் ஒரு விஷயம், 48 டிகிரி வறட்டு நாளைவிட 40 டிகிரி புழுக்க நாள் மோசம். வடமேற்கிலிருந்து காற்று அடித்தால் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், சட்டையில் உப்புக் கோடு மட்டும் தெரியும், தாகம் எடுப்பதற்குள் உடம்பு வற்றியிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் கடற்பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் வியர்வை காயாது, கண்ணாடி போட்டவர் ஏசியிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடி ஆவி படிந்து வழி தெரியாது, உடம்பு சூட்டை இறக்க வழியில்லாமல் தவிக்கும். இரண்டுக்கும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் போக வேண்டும். நம்ம ஓஆர்எஸ் பொட்டலம் நல்லது, இங்கே எல்லாக் கடையிலும் லபான் என்று மோர் கிடைக்கும், உப்புப் போட்டுக் குடியுங்கள், அதைவிட மலிவான மருந்து இல்லை. எனர்ஜி டிரிங்க் குடித்துக்கொண்டே மாடி ஏறும் பழக்கம் பையன்களிடம் பரவிக் கிடக்கிறது, வேண்டாம். சிறுநீர் எலுமிச்சை நிறத்தில் போனால் சரி, டீ நிறத்தில் போனால் வேலையை நிறுத்துங்கள், சிறுநீரகக் கல்லோடு ஊர் திரும்பியவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர். கூட நிற்கும் ஆள் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ நிழலுக்கு இழுத்துப் போட்டு, துணியைத் தளர்த்தித் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 112க்கு அடியுங்கள், சூப்பர்வைசரைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

இப்போது ரூம். குடும்பம் கூட இல்லாத ஆண் எல்லோரும் இங்கே பேச்சலர்தான், ஊரில் மூன்று பிள்ளை இருந்தாலும். ஒரு ரூமுக்கு நாலு, ஆறு, சில இடத்தில் அதற்கு மேலும் கட்டில்கள், மேலும் கீழுமாக. ஏசி இராப்பகலாக ஓடும், கரண்ட் பில் பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும் என்பதால் யாரும் அணைப்பதில்லை, சண்டை எல்லாம் எத்தனையில் வைப்பது என்பதில்தான், மேல் கட்டில்காரனுக்குக் குளிர், கீழே இருப்பவனுக்குப் புழுக்கம். தண்ணீர்தான் புது ஆளைத் திகைக்க வைக்கும். இங்கே ஆறு கிடையாது, குழாயில் வருவது கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீர், அது மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் வெந்து, கோடையில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பைப்பைத் திறந்தாலும் மேலே ஊற்ற முடியாத சூட்டில் கொட்டும். அதனால் பாத்ரூம் ஹீட்டரின் ஸ்விட்சை மே மாதமே அணைத்துவிடுவோம். அந்த ஹீட்டருக்குள் நிற்கும் தண்ணீர் ரூமுக்குள் ஏசிக் காற்றில் ஆறிக் கிடக்கும், ஆகவே கோடையில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சிவப்புப் புள்ளி போட்ட சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். முதலில் குளிப்பவனுக்கு மட்டும்தான் அந்தப் பாக்கியம், ஆறு பேர் ரூமில் மற்றவர்கள் முந்தின ராத்திரியே பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரூம் விஷயத்தில் இன்னொன்று, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜூன் 12 அதிகாலை மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போய்விட்டார்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். தீயைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொன்றது, தூக்கத்தில் இருந்த நேரம் வேறு. அதற்கப்புறம் பல கட்டடங்களில் சோதனை நடந்தது, சட்டவிரோதத் தடுப்புகளை இடித்தார்கள், ஆனாலும் ரூமுக்குப் போன முதல் நாள் நீங்களே பாருங்கள். இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, மாடிக் கதவு பூட்டிக் கிடக்கிறதா, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அரிசிக் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் ஆறு சார்ஜரும் தொங்குகிறதா. நீங்கள் எலக்ட்ரிக்கல் தெரிந்தவர், பார்த்தாலே புரியும்.

சாப்பாடு பெரிய கவலை இல்லை. மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்தால் 25, 30 தினாருக்குள் முடியும், இல்லையென்றால் ரூம்காரர்கள் முறை வைத்துச் சமைப்பார்கள். குப்பூஸ் என்கிற ரொட்டி மலிவு, ஏரியாவுக்கு ஏரியா ஜமீயா என்ற கூட்டுறவு அங்காடி இருக்கும், மூலைக்கு மூலை பக்காலா என்கிற மளிகைக் கடை, முருங்கைக்காயிலிருந்து இட்லி அரிசி வரை எல்லாம் கிடைக்கும். மீன் நன்றாக இருக்கும், நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கத்து ஆட்களே இங்கே படகில் போய்ப் பிடிக்கிறார்கள், ஆனால் சுபைதி என்கிற வாவல் விலை நம் சம்பளத்துக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் கட்டும்.

போக்குவரத்து: கம்பெனி வண்டி ஏசி உள்ளதா என்று கேட்பது ஆடம்பரம் இல்லை. பஸ் இருக்கிறது, பஸ் ஸ்டாப்பில் நிழல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பக்கத்து விளம்பரப் பலகையின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் ஒரே கோடாக நிற்போம். பைக், கார் என்று கனவு வேண்டாம், லைசென்ஸுக்குச் சம்பளம், படிப்பு, விசாவில் போட்டிருக்கும் வேலையின் பெயர் எல்லாம் பார்ப்பார்கள். தூசிக்காற்று அடிக்கும் நாளில் பகலே மஞ்சளாகிவிடும், மறுநாள் உங்களுக்குத்தான் வேலை, ஊரில் உள்ள ஃபில்டர் எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

வருஷம் முழுக்க இப்படியே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும், பயமுறுத்துகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. ஆகஸ்ட் கடைசியில் சுஹைல் நட்சத்திரம் வந்துவிட்டது என்று குவைத்திகள் சந்தோஷமாகச் சொல்வார்கள், நாம் அகத்தியர் நட்சத்திரம் என்கிறோமே அதேதான், அது தென்பட்டால் வெயிலின் முதுகெலும்பு உடைந்தது என்று கணக்கு. உடனே குளிர்ந்துவிடாது, ஆனால் அக்டோபர் பாதியில் மாலையில் வெளியே நடக்கலாம், நவம்பரில் ஏசியை அணைக்கலாம், ஜனவரி ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகும், மாடியில் அந்தக் காற்று எலும்பில் ஏறும். வெள்ளிக்கிழமை லீவு, பெரிய கம்பெனிகளில் சனியும் சேர்த்து. வெள்ளி காலை துணி துவைத்து, மதியம் கறி, சாயங்காலம் மிர்காப் பக்கமோ ஃபஹாஹீல் கடற்கரையோ போய் நம்மூர் ஆட்களைப் பார்த்து, எக்ஸ்சேஞ்சில் பணம் போட்டு, ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர் நேரத்தைக் கணக்குப் பண்ணி, பிள்ளைகள் தூங்குவதற்குள் வீடியோ கால். இதுதான் வாரம்.

காசுக் கணக்கு. தனியார் வேலைக்கு இங்கே சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளம் 75 தினார், அந்த வகையில் 180 மோசம் இல்லை. தினாருக்கு 280 ரூபாய் என்று வைத்தால் ஐம்பதாயிரம் சொச்சம். மெஸ், போன், சில்லறைச் செலவு போக 130 அனுப்பலாம், கையை இறுக்கினால் இன்னும் கொஞ்சம். சட்டப்படி வாரம் 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் ஓவர்டைமுக்கு ஒன்றேகால் மடங்கு. கோடையில் ஏசிக்காரனுக்கு ஓவர்டைம் கொட்டும், அதை ஒழுங்காக எழுதிக் கொடுக்கும் கம்பெனியா என்று பாருங்கள், 180 நிஜமா 240 ஆவதும் 180ஆகவே நிற்பதும் அதில்தான். வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு லீவு. வேலையை முடித்துப் போகும்போது தரும் சர்வீஸ் பணம் முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 15 நாள் சம்பளம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு மாதம். ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால் மூன்று வருஷத்துக்குள் ஒன்றும் கிடையாது, மூன்றிலிருந்து ஐந்துக்குள் பாதி, ஐந்திலிருந்து பத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு, பத்து தாண்டினால்தான் முழுசு. இது தெரியாமல் இரண்டே முக்கால் வருஷத்தில் கோபித்துக்கொண்டு எழுதிக் கொடுப்பவர்கள் நிறைய.

விசா 18ஆம் பிரிவா என்று பாருங்கள், அதுதான் தனியார் கம்பெனி விசா. 20 என்றால் வீட்டு வேலை விசா, அதில் வந்து கம்பெனியில் வேலை செய்ய முடியாது. "ஆசாத் விசா, எங்க வேணா வேலை பாத்துக்கலாம்" என்று யாராவது விற்றால் ஓடிவிடுங்கள், அப்படி ஒன்று சட்டத்தில் இல்லை, பிடிபட்டால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். 2025 ஜூலை 1 முதல் 18ஆம் பிரிவு ஆட்கள் ஊருக்குப் போகக் கம்பெனியின் அனுமதி ஆன்லைனில் வாங்க வேண்டும், வீட்டில் ஒரு அவசரம் என்றால் அந்த ஒரு கிளிக்குக்காக முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் கம்பெனியின் பெயர் எப்படி என்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்தாவது பாஸ் என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசாங்கக் கிளியரன்ஸ் வேண்டும் என்ற முத்திரை இருக்காது, நல்லதுதான், ஆனால் அதனாலேயே அரசாங்கம் உங்கள் ஒப்பந்தத்தைக் கிளியரன்ஸுக்காகப் பார்க்கப்போவதும் இல்லை. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பாருங்கள், அவர் வாங்கக்கூடிய சர்வீஸ் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான், ஒன்றரை லட்சம் கேட்டால் அது உங்கள் முதல் மூன்று மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டதிட்டம் சுருக்கமாக. சாராயம் முழுத் தடை, ரூமில் காய்ச்சுகிறவனோடு தங்கவே தங்காதீர்கள். ரமலானில் பகலில் பொது இடத்தில் தண்ணீர் குடித்தாலும் குற்றம், 100 தினார் வரை அபராதமோ ஜெயிலோ. நல்லவேளை, அடுத்த சில வருஷங்களுக்கு ரமலான் குளிர்காலத்தில்தான் வருகிறது. வேலை நடுவில் வீட்டுக்காரர் யாரும் இல்லாத அறைக்குள் போய்க் குடித்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஆக என் அபிப்பிராயம்: வெயிலுக்குப் பயந்து வேலையை விட வேண்டாம். கோடையில் மாடி வேலை எத்தனை மணிக்கு, வண்டி ஏசியா, ரூமில் எத்தனை பேர், ஓவர்டைம் எப்படி எழுதுகிறார்கள் என்ற நாலுக்கும் அங்கே இருக்கும் ஆளிடமிருந்து தெளிவான பதில் வந்தால் 180க்கு வாருங்கள். மழுப்பினால் 230 என்றாலும் நான் வரச் சொல்ல மாட்டேன்.

வருவதானால் பெட்டியில் வெளிர் நிறத்தில் முழுக்கைப் பருத்திச் சட்டை நாலு, நல்ல தொப்பி, ஜனவரிக்கு ஒரு ஜாக்கெட், ஓஆர்எஸ் ஒரு டப்பா வையுங்கள். மாத்திரை எதுவானாலும் டாக்டர் சீட்டோடு, டிராமடால் மாதிரி வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வளைகுடாவில் அதைப் போதைப்பொருள் கணக்கில் வைத்துவிடுவார்கள். ஏர்போர்ட்டில் "இதை என் தம்பிகிட்ட குடுத்துடுங்க" என்று யார் பொட்டலம் நீட்டினாலும், சொந்த மாமனாக இருந்தாலும் சரி, பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.